புது மீன் என்று நம்பிய பதினான்கு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது புது இனம் இல்லை. 1987-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினான்கு மாதமும், பதினொரு மீனும், பதினோராயிரம் ரூபாய்க்கு மேலும் தேவைப்பட்டன. உண்மையில் தேவைப்பட்டிருக்க வேண்டியது பத்து நிமிடமும் ஒரு கைப்பேசியும்தான். இருந்தாலும் இடையில் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. சின்ன மீனை எடுத்து வைத்துக்கொண்டு "இது என்ன இனம்?" என்று உட்காரப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன். மீன் வகைப்பாட்டில் பட்டமெல்லாம் இல்லை. மாணவர்களுக்குக் காட்ட மாதிரிகள் வேண்டும் என்று மாதம் ஒருமுறை தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவேன். இங்கே விசைப்படகுகள் விடியற்காலை போய் இரவு ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். எட்டரை மணிக்குப் போனால் சங்காயக் குவியலைப் பார்த்துவிடலாம். விலை போகிற மீனைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற பொடி மீன், நண்டு, சிப்பி எல்லாம் சேர்ந்த குவியல்தான் சங்காயம். காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகும். எனக்கு அதுதான் நூலகம்.

2023 ஜூலையில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அந்தக் குவியலில் நான்கு தட்டைத்தலை மீன்கள் கிடைத்தன. தட்டைத்தலை மீன் தெரியாதவர்களுக்கு: முதலையின் தலையை மேலிருந்து அமுக்கிவிட்டாற்போல இருக்கும், கண் இரண்டும் மேல்நோக்கி, செவுள் மூடிக்கு முன்னால் முள். மணலில் புதைந்து கிடந்து இரை பிடிக்கும். பெரிய வகை அரை மீட்டருக்கு மேல் வளரும், சந்தையிலும் விற்கும். இந்த நான்கும் என் சுண்டுவிரல் நீளம்தான். குட்டி மீன் என்று தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் ஒன்றின் வயிறு வலையில் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. உள்ளே மஞ்சளாய் முட்டை. முட்டை வைத்திருக்கிற மீன் குட்டியாக இருக்க முடியாது. துடுப்புகளை விரித்துப் பார்த்தேன். மையில் தோய்த்தெடுத்த மாதிரி கறுப்பு.

குவியலைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "எதுக்கு சார் இதப்போயி பொறுக்குதீய? முள்ளு கிழிச்சிரும்." கிழிக்கத்தான் செய்தது.

அந்த நான்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்து நேராக ஃபார்மலினில் போட்டேன். முதல் தவறு அங்கேயே. கடையில் வாங்குகிற ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, அமிலம் ஏறாமல் இருக்க ஒரு சிட்டிகை போராக்ஸ், இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். செய்யாமல் விட்டது இரண்டு. உயிர் நிறத்தோடு படம் எடுக்கவில்லை. திசு எடுக்கவில்லை. தட்டைத்தலை மீன்களில் கண்மணிக்கு மேலே திரைச்சீலை மாதிரி ஒரு மடல் தொங்கும். அதன் ஓரம் எப்படி வெட்டுப்பட்டிருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும், அடையாளம் காண மிக முக்கியமான உறுப்பு. ஃபார்மலினில் மூன்று நாள் கிடந்த பிறகு பார்த்தால் மடல் சுருங்கி, கண் வெளுத்து, ஒன்றும் தெரியவில்லை. திசுவும் அப்படித்தான். ஃபார்மலின் டி.என்.ஏ-வைப் பின்னிப் பிணைத்துத் துண்டாக்கிவிடும் என்று வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீன்களை ஜாடியில் அப்படியே போட்டதால் வாழைப்பழம் மாதிரி வளைந்து விறைத்துவிட்டன, துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டிவிட்டது. வளைந்த மீனை வெர்னியர் அளவுகோலில் எப்படி அளக்கிறது? அடுத்த முறையிலிருந்துதான் ஒழுங்கான வழிக்கு வந்தேன்: தெர்மாகோல் அட்டையில் மீனைப் படுக்க வைத்து, ஒவ்வொரு துடுப்பையும் விரித்து மெல்லிய குண்டூசியால் பிடித்து, தண்ணீர் கலக்காத ஃபார்மலினைச் சின்ன பிரஷ்ஷால் துடுப்பின் மேல் மட்டும் தடவி, பத்து நிமிடம் விட வேண்டும். துடுப்பு விரிந்தபடியே நிற்கும். பிறகு படம். பிறகு திசு. அதற்குப் பிறகுதான் ஜாடி. இதை மொட்டை மாடியில் காற்றோட்டத்தில் செய்யுங்கள். நான் முதல் நாள் சமையலறையை ஒட்டிய வராந்தாவில் செய்து, வீட்டில் எல்லாருக்கும் கண்ணெரிச்சலாகி, இரவுச் சாப்பாடு ஓட்டலில் ஆனது.

அக்டோபர், நவம்பரில் இன்னும் நான்கு மீன் கிடைத்தது. இந்த முறை உஷாராக வலது பக்கத் தசையில் அரிசி அளவு நறுக்கி எடுத்தேன். இடது பக்கத்தைத் தொடக்கூடாது; அளவும் படமும் வழக்கமாக இடது பக்கத்தில்தான். திசுவை எத்தனாலில் போட வேண்டும். அதை வாங்க அனுமதிச் சீட்டு வேண்டும், அது வருவதற்குள் மீன் கருவாடாகிவிடும். சரி, அதுவரை ஃப்ரீசரில் இருக்கட்டும் என்று சின்னக் குப்பிகளில் வெறுமனே போட்டு வைத்தேன். டிசம்பர் 17, 18-ல் மழை பெய்தது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. ஊரே தண்ணீரில் நிற்கும்போது மீன் திசுவைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள்? ஒரு வாரம் கழித்துத்தான் ஃப்ரீசரைத் திறந்தேன். வாசனையே பதில் சொல்லிவிட்டது.

இப்போதெல்லாம் அனுமதி வரும்வரை காத்திருப்பதில்லை. ஏற்கெனவே எத்தனால் வைத்திருக்கிற பக்கத்து ஆய்வகத்தில் ஐம்பது மில்லி கேட்டு வாங்கிப் பத்துக் குப்பிகளில் ஊற்றி, பையிலேயே வைத்துக்கொண்டுதான் துறைமுகத்துக்குப் போகிறேன்.

2024 பிப்ரவரியில் கடைசி மூன்று மீன். படகு ஓட்டுநர் 20 பாகம் ஆழத்தில் இழுத்தது என்றார், மீட்டரில் சொன்னால் முப்பத்தாறு. இந்த மூன்றுக்கும் எல்லாம் முறையாக நடந்தது. படம், ஊசி, திசு, எத்தனால், பிறகு ஃபார்மலின் ஒரு வாரம், தண்ணீரில் இரண்டு நாள் ஊறல், கடைசியில் 70 சதவீத ஆல்கஹால். அதன்பின் ஏப்ரல் 15 முதல் தடைக்காலம். அளக்க உட்கார்ந்தேன்.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கேயும் இதை யாரும் சொல்லித்தரவில்லை. 1,150 ரூபாய் டிஜிட்டல் வெர்னியர் 0.01 மி.மீ. வரை எண் காட்டும். அதை நம்பாதீர்கள். அதே மீனின் அதே தலையை ஐந்து முறை அளந்தேன், 0.3 மி.மீ. வரை ஆடியது. மீன் மெத்தென்று இருக்கும்போது வெர்னியரின் தாடையை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. மூன்று முறை அளந்து நடுவில் உள்ளதை எடுத்து, ஒரு தசம இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய கோளாறு தொடக்கப் புள்ளியில். திட்ட நீளம் என்பது மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை. மூக்கு நுனி என்றால் மேல்தாடையின் நுனி. தட்டைத்தலை மீனுக்குக் கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். நான் முன்னால் எது இருக்கிறதோ அதிலிருந்து அளந்துவிட்டேன். ஆறு மீன் முடிந்து ஏழாவதில்தான் உறைத்தது. ஒவ்வொன்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. கூடுதல். எண்பது மி.மீ. மீனில் அது சின்ன விஷயமில்லை. எல்லா விகிதமும் அந்த நீளத்தால் வகுத்து வருவதால், தலை நீளம், கண் அகலம், மூக்கு நீளம் எல்லாமே தப்பு. ஆறையும் திரும்ப அளந்தேன். ஒரு மீனுக்கு இருபத்தாறு அளவு. கடைசியில் 61.2 முதல் 92.4 மி.மீ. வரை திட்ட நீளம் என்று பட்டியல் வந்தது.

எண்ணுவது இன்னொரு கூத்து. முதல் முதுகுத் துடுப்பில் எட்டு முள் என்று எழுதினேன். மறுவாரம் அதே மீனில் ஒன்பது. தட்டைத்தலை மீன்களில் முதல் முள் மிகக் குட்டையாக, மற்றவற்றோடு ஏறக்குறைய ஒட்டாமல் தனியாக நிற்கும். தோலுக்குள் பாதி புதைந்து கிடக்கிறதை விட்டுவிட்டிருக்கிறேன். இதைத் "தனித்தன்மை" என்று ஒரு வாரம் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உடம்பின் பக்கத்தில் நீளவாக்கில் ஓடுகிற பக்கவாட்டுக் கோட்டின் செதில்களை எண்ணத்தான் படாதபாடு. இழுவலையில் வந்த மீனுக்குப் பாதிச் செதில் உதிர்ந்திருக்கும். ஈரத்தில் பளபளவென்று ஒன்றும் தெரியாது. இதற்கு ஒரு வழி கிடைத்தது: வண்ணமீன் கடையில் விற்கிற மெத்திலீன் புளூ. 70 ரூபாய் பாட்டில். இரண்டு சொட்டைத் தண்ணீரில் கலந்து மீனின் மேல் தடவி, கழுவி, பந்து ஊதும் பம்பால் காற்றடித்தால் ஒவ்வொரு செதிலின் ஓரமும் துளையும் நீலக் கோடாய் எழுந்து நிற்கும். ஆல்கஹாலில் போட்டால் நிறம் போய்விடும். 2,400 ரூபாய் கொடுத்து வாங்கிய யு.எஸ்.பி. நுண்ணோக்கியைவிட இந்த எழுபது ரூபாய்தான் உதவியது. ஒவ்வொரு ஐந்தாவது செதிலிலும் குண்டூசி குத்திக்கொண்டே போனால் எண்ணிக்கை தப்பாது. 50 முதல் 53 வரை வந்தது.

அப்புறம் எக்ஸ்ரே. பல் மருத்துவராக இருக்கிற ஒரு நண்பர், நோயாளிகள் போன பிறகு ராத்திரி வரச்சொன்னார். பல்லுக்கான உணரி சின்னது, ஒரு மீனை மூன்று துண்டாக எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. படம் அத்தனை அழகு. முதுகெலும்பை எண்ணினேன், 27. இன்னொன்று, 27. மூன்றாவதும் 27. வீட்டுக்கு வந்து படித்தால் தட்டைத்தலைக் குடும்பம் முழுக்கவே 27-தானாம். இனத்தைப் பிரிக்க அது எதற்கும் உதவாது. இரண்டு ராத்திரி போனது. படங்களை மட்டும் வகுப்பில் மாட்டியிருக்கிறேன்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எதோடு ஒப்பிட்டேன் என்பதில்தான் என் கதை கவிழ்ந்தது. என்னிடம் இருந்தவை இரண்டு. ஃபிரான்சிஸ் டே 1875-க்கும் 1878-க்கும் இடையில் வெளியிட்ட இந்திய மீன்கள் நூலின் நகல். மேற்கு இந்தியப் பெருங்கடலுக்காக ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 1984-ல் வெளியிட்ட அடையாளத் தாள்கள். இந்தத் தாள்கள் அருமையானவை, படிப்படியாகக் கேள்வி கேட்டு நடத்திக்கொண்டு போகும். அதன்படி போனால் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கிற குழு, சோர்சோகோனா என்று வந்தது. ஃபிலிப்பைன்ஸில் சோர்சோகோன் என்ற ஊரின் பெயர் அது. அதற்குள் நம் பக்கத்துக்குப் பொருந்துவது டூபர்குலேட்டா. பெயரே சின்னச் சின்னப் புடைப்பைச் சொல்வது. என் மீனின் தலையில் அப்படிச் சொரசொரப்பாக மணி மணியாக எதுவும் துருத்தவில்லை, துடுப்பு வேறு கறுப்பு. ஆக, டூபர்குலேட்டா இல்லை. தாளில் வேறு எதுவும் ஒத்துவரவில்லை. எனவே புதுசு.

இந்த "எனவே"தான் பதினான்கு மாதத்தைத் தின்றது.

டி.என்.ஏ. முடிவு வந்தபோது நம்பிக்கை இன்னும் ஏறியது. நான்கு மாதிரி அனுப்பினேன், ஒன்றுக்கு 1,400 ரூபாய். மூன்று பிப்ரவரி மீன்கள், ஒன்று ஆசைக்காக முதல் தொகுதியில் ஃபார்மலினில் கிடந்தது. ஃபார்மலின் மீன் எதிர்பார்த்தபடியே கையை விரித்தது. மற்ற மூன்றில் இரண்டு வேலை செய்தன. மீன்களுக்கு வழக்கமாகப் பார்க்கிற சி.ஓ.ஐ. மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்து. பொதுத் தரவுத்தளத்தில் போட்டுத் தேடினேன். இனப் பெயரோடு நெருங்கி ஒத்த எதுவும் வரவில்லை. துள்ளிக் குதித்தேன். தரவுத்தளத்தில் இல்லை என்றால் யாரும் இன்னும் அங்கே சேர்க்கவில்லை என்றுதான் அர்த்தம். உலகத்தில் இல்லை என்று அர்த்தமில்லை. இதை இப்போது ஒரே வரியில் எழுத முடிகிறது. அன்று தோன்றவில்லை.

ஜூலையில் எழுதத் தொடங்கினேன். 84.3 மி.மீ. பெண் மீனை ஹோலோடைப்பாகத் தேர்ந்தெடுத்தேன். இனத்துக்கு ஆதாரமாக நிற்கப்போகிற ஒரே மீன் அது, துடுப்பு கிழியாமல், செதில் உதிராமல், படமும் திசுவும் உள்ளதாக இருக்க வேண்டும். அருங்காட்சியக வழக்கப்படி அதற்குச் சிவப்புத் துண்டுச் சீட்டு வெட்டினேன். பெயரும் வைத்தாகிவிட்டது. இருப்பதிலேயே கண்ணில் படுகிற அடையாளம் எதுவோ அதுவே பெயராகட்டும் என்று லத்தீனில் நைக்ரிபின்னிஸ், கருந்துடுப்பு. இணையத்தில் மட்டும் வெளியாகிற கட்டுரைகளுக்கு 2012 முதல் ஸூபேங்க் என்கிற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு எண் வேண்டும் என்று படித்து, அதற்கும் கணக்குத் திறந்துவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டுரையில் பேரினத்தின் மற்ற இனங்களோடு ஒப்பிடும் அட்டவணை ஒன்று மிச்சம். அதில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பெயர் வைத்தவர், ஆண்டு போட வேண்டும். டூபர்குலேட்டாவுக்குப் பெயர் வைத்தவர் குவியேதானா, ஆண்டு 1829-தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள, கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் மீன்கள் அட்டவணையைத் திறந்தேன். வில்லியம் எஷ்மேயர் தொடங்கி வைத்தது. மீன்களுக்கு இதுவரை யார் எந்தப் பெயர் வைத்திருந்தாலும் அதில் இருக்கும். இலவசம். டூபர்குலேட்டா என்று மட்டும் தட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்திருப்பேன். பேரினத்தின் பெயரையும் தட்டினேன்.

பட்டியலில் மெலனோப்டெரா என்று ஒன்று இருந்தது. நாப், வோங்ரடானா, 1987. வடக்கு இந்தியப் பெருங்கடல்.

மெலனோப்டெரா கிரேக்கம். பொருள்: கருந்துடுப்பு.

கொஞ்ச நேரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கட்டுரை வாஷிங்டன் உயிரியல் சங்கத்தின் இதழில் வந்திருந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் தட்டைத்தலை மீன்களிலேயே காலம் கழித்த லெஸ்லி நாப்பும், பாங்காக்கின் வோங்ரடானாவும் எழுதியது. பழைய இதழ்களெல்லாம் பல்லுயிர் மரபு நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கி, அச்சடித்து, என் பதினொரு மீனையும் வரிசையாக வைத்து வரி வரியாகப் பார்த்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு முடித்தபோது சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. 1984-ல் அச்சான தாளில் 1987-ல் பெயர் பெற்ற மீன் எப்படி இருக்கும்? கேள்வியே அவ்வளவு எளிதாக இருந்தது. என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தாளின் ஆண்டை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் துறைமுகத்துக்குப் போனபோது அந்த அக்கா கேட்டார், "பேரு வச்சாச்சா சார்?" நான் ஆர்வத்தில் முன்பே உளறியிருக்கிறேன் போல. "முப்பத்தேழு வருசத்துக்கு முன்னாடியே வச்சுட்டாங்க அக்கா" என்றேன். "நல்லதாப் போச்சு, உங்களுக்கு ஒரு வேல மிச்சம்" என்றுவிட்டு நண்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

கணக்கு: வெர்னியர், நுண்ணோக்கி, ஃபார்மலின், ஜாடி பதினொன்று, மரபணு வரிசை, தபால் எல்லாம் சேர்த்து, பேருந்துச் செலவு போக, 11,135 ரூபாய். பாதிக்கு மேல் மரபணு வரிசைக்கு. அது முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வரிசையையும் சரியான இனப் பெயரோடு, படத்தோடு, பிடித்த இடத்தோடு தரவுத்தளத்தில் சேர்க்கப் போகிறேன். இனி யாராவது தேடினால் ஒன்றும் வராமல் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை ஒரு தட்டைத்தலை கையில் வந்தால் வரிசையை அப்படியே தலைகீழாக்குவேன். முதல் நாள் படம், திசு. அன்று ராத்திரியே அந்த மீன்கள் அட்டவணையில் பேரினத்தின் எல்லாப் பெயர்களையும், இப்போது செல்லாது என்று ஒதுக்கியவற்றையும் சேர்த்து, கையால் எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு பெயருக்கும் மூலக் கட்டுரை கையில் வரும்வரை வெர்னியரைப் பெட்டியிலிருந்தே எடுக்க மாட்டேன். அடையாளத் தாளை நம்பலாம், ஆனால் அது அச்சான ஆண்டைப் பெரிதாக எழுதி மேசைக்கு எதிரில் ஒட்டிவைத்துவிட்டுத்தான். அளவு கடைசி. எக்ஸ்ரே வேண்டவே வேண்டாம்.

ஜாடிகளில் இருந்த சீட்டுகளை மாற்றியாகிவிட்டது. முன்பு பால்பாயிண்ட்டில் எழுதியிருந்தேன், ஆல்கஹாலில் மை கரைந்து பாதி எழுத்து போயிருந்தது. இந்த முறை பென்சில், கெட்டி டிரேசிங் தாள். 84.3 மி.மீ. மீனின் ஜாடியில் சிவப்புச் சீட்டை எடுத்துவிட்டு வெள்ளைச் சீட்டு போட்டேன்: சோர்சோகோனா மெலனோப்டெரா, பெண், 20 பாகம், தூத்துக்குடி, பிப்ரவரி 2024.